செம்புக் கம்பி வளைகிறது, கல்லுப்பு நொறுங்குகிறது: இரண்டிலும் நேர் அயனிதானே இருக்கிறது?

இரணியல்_டியூஷன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரணியல் பக்கம் வீட்டில் வைத்து ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நான் படித்தது கணிதம். வேதியியலுக்கு ஆள் கிடைக்காததால் அதையும் நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேதிப்பிணைப்புப் பாடத்தில் ஒரு பையன் மடக்கிவிட்டான். உப்பில் சோடியம் நேர் அயனி, குளோரைடு எதிர் அயனி, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. செம்பில் செம்பு நேர் அயனி, சுற்றிலும் எலக்ட்ரான்கள், அவையும் எதிர் மின்சுமைதான், அங்கேயும் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர், அப்புறம் எதுக்கு அயனிப் பிணைப்பு, உலோகப் பிணைப்புன்னு ரெண்டு பெயர்? ஒண்ணு ஏன் வளையுது, இன்னொண்ணு ஏன் உடையுது?" என்கிறான். புத்தகத்தில் இருக்கிற "எலக்ட்ரான் கடல்" படத்தைக் காட்டினேன், ஆள் அசையவில்லை.

பிளஸ் ஒன் பெண் ஒருத்தி கேட்டது வேறு. சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க "விரும்புகிறது" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், ஆனால் அட்டவணையைப் பார்த்தால் அதைப் பிடுங்க ஆற்றல் செலவாகிறது, விரும்பிக் கொடுக்கிறவனுக்கு எதற்குச் செலவு என்று.

போதாக்குறைக்கு மணவாளக்குறிச்சியில் இருந்து வரும் பிள்ளை, எங்க ஊர் கருமணலில் இரும்பும் டைட்டானியமும் இருக்கிறது என்கிறார்களே, அது ஏன் உலோகம் மாதிரி இல்லாமல் மண்ணாகக் கிடக்கிறது என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். கணக்கு போட்டுக் காட்டினாலும் பரவாயில்லை, அது எனக்கு எளிது.

தக்கலை_வாத்தியார்:

டீச்சர், அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள், நல்ல பையன். அவன் சொன்னது சரி. இரண்டிலும் பிடித்து வைத்திருப்பது நேருக்கும் எதிருக்கும் உள்ள ஈர்ப்புதான். எதிர் மின்சுமை எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. உப்பில் அது குளோரைடு அயனியோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்த அயனி பருத்தது, ஆரம் 181 பிகோமீட்டர், சோடியம் அயனிக்கு 102தான், அது தன் இடத்தை விட்டு லேசில் நகராது. செம்பில் வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்குச் சொந்த வீடு கிடையாது, அது மொத்தத் துண்டுக்கும் பொது. பையன் கேட்கிற வளைவது, உடைவது, மின்சாரம் கடத்துவது எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில் இருந்துதான் வருகிறது.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி. சோடியத்துக்கு எந்த விருப்பமும் கிடையாது. எண்ம விதியை, அதாவது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைய வேண்டும் என்பதை, கதையாகச் சொல்லிச் சொல்லி அணுவுக்கு ஆசை, பாசம் எல்லாம் வந்துவிட்டது. கணக்கு கேட்டீர்களே, கடன் கணக்காகவே போட்டுப் பாருங்கள். ஒரு மோல் சோடியம் அணுக்களில் இருந்து, வாயு நிலையில், எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. அதைக் குளோரின் அணுக்களிடம் கொடுத்தால் 349 வரவு. ஆக 147 கடன். அதோடு திடச் சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 108, குளோரின் மூலக்கூறை உடைத்து ஒரு மோல் அணுக்கள் எடுக்க 122. மொத்தக் கடன் 377. இந்த இடத்தில் கணக்கை மூடினால் உலகத்தில் உப்பே இருக்காது. அந்த அயனிகள் அடுக்கடுக்காகப் படிகமாகச் சேரும்போது 787 வெளியே வருகிறது, அதுதான் படிகக்கூடு ஆற்றல். கடன் போக 410 மிச்சம், உப்பு உருவாகும்போது வெளிவரும் வெப்பமும் ஏறக்குறைய அதுதான். பிளஸ் ஒன் பாடத்தில் பார்ன்-ஹேபர் சுற்று என்று வருவது இதுவே, பிள்ளைகள் அம்புக்குறியை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆகவே "சோடியம் கொடுத்தது, குளோரின் வாங்கியது, அதனால் பிணைப்பு" என்பது கதையின் முதல் பாதிதான், அந்தப் பாதியில் நட்டம். லாபம் முழுக்கக் கூட்டமாக அடுக்கி நிற்பதில் வருகிறது. ஒரு சோடியம் அயனியை எடுத்துக்கொண்டால் பக்கத்தில் 6 குளோரைடு, அதற்கடுத்த தூரத்தில் 12 சோடியம், அதற்கப்பால் 8 குளோரைடு. இழுவை, தள்ளல், இழுவை என்று கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் அதே தூரத்தில் நிற்கும் ஒற்றை ஜோடியின் ஈர்ப்பைப் போல சுமார் 1.75 மடங்கில் வந்து நிற்கும். மாடெலுங் என்ற ஜெர்மானியர் 1918-ல் போட்ட கணக்கு. நீங்கள் கணிதம் படித்தவர், அந்தத் தொடரை எழுதிப் பாருங்கள், சாதாரணமாகக் கூட்டினால் ஒருங்காமல் ஆட்டம் காட்டும், வேடிக்கையாக இருக்கும்.

உப்பில் "ஒரு சோடியம் குளோரைடு மூலக்கூறு" என்று தனியாக எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பிராக் தந்தையும் மகனும் 1913-ல் எக்ஸ் கதிரை வைத்துக் கண்டது அது. அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கே அது செரிக்கவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெரியவர் 1927-ல்கூட நேச்சர் இதழுக்கு, உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று புலம்பிக் கடிதம் எழுதினார். நம் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருவதில் என்ன ஆச்சரியம்.

புத்தளம்_அளம்:

வாத்தியார் கணக்கில் சொன்னதை நான் கண்ணால் பார்க்கிறவன். எங்கள் பக்கம் உப்பளத்தில் வெயிலில் வற்றிய உப்புநீர் பாமே மானியில் (நீரின் அடர்த்தி காட்டும் கருவி) 25 டிகிரி தொட்டதும் பாத்தியில் உப்பு விழத் தொடங்கும். காற்று இல்லாத மதியத்தில் நீர் மட்டத்தின் மேலேயே சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கும். ஒன்றை விரல் நுனியில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் நடுவில் படிப்படியாகக் குழிந்து, தலைகீழாகக் கவிழ்த்த பிரமிடு போல இருக்கும், விளிம்பு நாலும் அளந்து வெட்டினது போலச் செங்கோணம். யாரும் அச்சில் வார்க்கவில்லை, அயனிகள் அடுக்கி நின்ற அடுக்கு அப்படி.

டீச்சர், கடையில் வாங்குகிற கல்லுப்பு ஒன்றோடொன்று ஒட்டினது, அது வேண்டாம். பெரிய தெளிவான படிகம் கிடைத்தால் பழைய பிளேடை அதன் ஒரு முகத்துக்கு இணையாக வைத்து, மேலே லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். வழவழவென்று இரண்டு கட்டியாகப் பிரியும், பிரிந்த முகத்தில் வெளிச்சம் பளிச்சென்று திரும்பும். பிளேடைக் கோணலாக வைத்துத் தட்டினால் தூளாகும், பிரிந்தாலும் பழைய முகங்களுக்கு இணையாகத்தான் பிரியும். பிள்ளைகள் இதைக் கையால் செய்தால் பாதிப் பாடம் முடிந்தது.

கூடவே ஒரு விஷயம். அதே மானியில் 29, 30 டிகிரிக்கு மேல் போன நீரை வடிக்காமல் விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து விழும். கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மழைக்காலத்தில் சொதசொதவென்று ஆகும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் வந்து அள்ளும் நாட்களைச் சுருக்கிவிடுகிறது என்பது தனிச் சோகம், அதை வேறு இடத்தில் பேசுவோம்.

நாஞ்சில்_மெக்கானிக்கல்:

"அடுக்கு நகர்ந்ததும் சோடியத்துக்கு எதிரே சோடியம் வந்துவிடும், தள்ளிக்கொண்டு உடையும்" என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு படம் போடுவார்கள். அந்தப் படம் கனசதுரத்தின் விளிம்புத் திசையில் தள்ளினால்தான் சரி. கனசதுர முகத்தின் மூலைவிட்டத் திசையில் வரிசை முழுக்க ஒரே வகை அயனி, ஒரு சோடியம் நகர்ந்தால் முன்னால் இருந்த சோடியத்தின் இடத்துக்குத்தான் போகும், வழியில் ஒத்த மின்சுமை அவ்வளவு மோசமாக முட்டிக்கொள்ளாது. அதனால் ஒற்றைப் படிக உப்பு அந்தத் திசையில் கொஞ்சம் வழுக்கவே செய்யும். ரஷ்ய இயற்பியலாளர் அயோஃபே 1920-களில் உப்புப் படிகத்தை வெந்நீரில் வைத்தே வளைத்துக் காட்டினார். மேற்பரப்பில் இருக்கிற நுண்ணிய கீறல்கள் நீரில் கரைந்துவிடுவதால் விரிசல் ஓட இடம் கிடைக்கவில்லை என்பது விளக்கம்.

அப்படியானால் நொறுங்குவது ஏன் என்றால், வழுக்கும் வழிகள் போதவில்லை. பல படிகமணிகள் ஒட்டிய ஒரு துண்டு உடையாமல் எந்த வடிவத்துக்கும் மாற ஒன்றையொன்று சாராத ஐந்து வழுக்கு வழிகள் வேண்டும். உப்பில் சாதாரண வெப்பத்தில் இரண்டுதான் சுலபமாகத் திறக்கும். செம்பில் ஒவ்வோர் அணுவையும் சுற்றி 12 அணுக்கள், எல்லாம் ஒரே வகை, வழுக்கு வழியும் 12, அதில் ஐந்து தாராளமாகத் தேறும். அடுக்கு எங்கே போய் நின்றாலும் பொது எலக்ட்ரான்கள் அங்கேயும் இருக்கின்றன, ஒட்டு விடுவதில்லை.

இன்னொன்று, உலோகம் என்றாலே வளையும் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. ஆன்டிமனி, பிஸ்மத் எல்லாம் சுத்தியால் அடித்தால் உடையும். துத்தநாகம் சாதாரண வெப்பத்தில் முரண்டு பிடிக்கும், 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தகடாகும்.

வடசேரி_பட்டறை:

நான் வேதியியல் படித்தவன் அல்ல, ஆனால் உலோகம் வளைவதைப் பற்றி என்னை விட்டுவிட்டுப் பேசுகிறீர்களே. எங்கள் வடசேரி கோயில் நகைக்கு வெள்ளியில் வேலை, மேலே தங்க ரேக்கு, சிவப்புக் கல். தங்கத்தை ஒரு கிராம் எடுத்து மெல்லிய ரேக்காக அடித்தால் அரைச் சதுர மீட்டர் வரை விரியும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரியும், அவ்வளவு மெலிது. இத்தனைக்கும் நடுவில் எங்கேயும் "பிணைப்பு முறிந்தது" என்று சொல்ல இடம் இல்லை.

ஆனால் வெள்ளியைத் தட்டத் தட்டக் கடினமாகிக்கொண்டே போகும், விடாமல் தட்டினால் விளிம்பில் வெடிப்பு விடும். நெருப்பில் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் பழையபடி இளகிவிடும். இது ஏன் என்று மெக்கானிக்கல் தம்பி சொல்லட்டும். சுத்தத் தங்கத்தில் வளையல் செய்தால் நசுங்கிவிடும், செம்போ வெள்ளியோ சேர்த்து 916 ஆக்கினால்தான் நிற்கும், அதற்கும் காரணம் சொல்லுங்கள்.

நாஞ்சில்_மெக்கானிக்கல்:

அண்ணாச்சி, அடுக்கு முழுசாக ஒரே நேரத்தில் நகர்வதில்லை. படிகத்துக்குள் இருக்கிற கோட்டுக் குறைகள், அதாவது அடுக்கு சீர்குலைந்து நிற்கும் கோடுகள், ஊர்ந்து போவதால்தான் வழுக்கல் நடக்கிறது. தட்டத் தட்ட அந்தக் குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதுதான் கடினம். சூடு காட்டினால் அணுக்கள் புதிதாக அடுக்கி நின்று சிக்கல் அவிழும். தங்கத்தில் செம்பு கலந்தால், செம்பு அணு அளவில் சிறியது, ஒரே சீரான அடுக்கில் அங்கங்கே நெருடலாக உட்கார்ந்து அந்தக் குறைகளை ஓடவிடாது. அதனால் 22 கேரட் உறுதி.

இரணியல்_டியூஷன்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் அயனிப் பிணைப்புதான் வலிமை, உலோகப் பிணைப்பு வலிமை குறைவு என்று சொல்லலாமா? சோடியம் 98 டிகிரியிலேயே உருகுகிறது, உப்புக்கு 801 வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே.

தக்கலை_வாத்தியார்:

அப்படிப் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர். டங்ஸ்டன் உலோகம்தான், 3,422 டிகிரி வரை உருகாது. பாதரசமும் உலோகம்தான், மைனஸ் 39-லேயே நீராகிவிடுகிறது. பிணைப்பின் வகையைப் பார்த்து வலிமை சொல்ல முடியாது. மின்சுமை எவ்வளவு, தூரம் எவ்வளவு, எத்தனை எலக்ட்ரான் பொதுவுக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். சோடியம் ஓர் எலக்ட்ரான் தருகிறது, 98 டிகிரி. மக்னீசியம் இரண்டு தருகிறது, அயனியும் சிறியது, 650 டிகிரி. அலுமினியம் மூன்று தருகிறது, ஆனால் 660தான், இங்கே எளிய கணக்கு தடுமாறுகிறது, படிக அடுக்கும் மற்றதும் சேர்ந்துகொள்ளும். அயனி வகையிலும் அப்படித்தான், மக்னீசியம் ஆக்சைடில் இரண்டு பக்கமும் மின்சுமை இரண்டு, தூரமும் குறைவு, உருகுநிலை 2,850 டிகிரி பக்கம் போகிறது, உலைக்குள் பதிக்கிற செங்கல்லை அதில் செய்கிறார்கள்.

எலக்ட்ரான் கடல் என்பதையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். 1900-ல் துரூடே போட்ட கருத்து அது, எலக்ட்ரானைக் கண்டுபிடித்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. மின்சாரம் கடத்துவதை அழகாக விளக்கியது, வெப்ப ஏற்புத்திறனில் தவறாகிப் போனது, அதைக் குவாண்டம் வந்துதான் சரிசெய்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அதுவே போதும், பிளஸ் ஒன்னுக்கு வந்ததும் மாதிரி என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

மணல்_ஆலை_பழைய_ஆள்:

மணவாளக்குறிச்சிப் பிள்ளைக்கு நான் பதில் சொல்கிறேன், அந்த மணலோடு பழகினவன். கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். அதில் இரும்பும் டைட்டானியமும் உண்டு, ஆனால் தனி உலோகமாக அல்ல. இரும்பு இரண்டு எலக்ட்ரானையும் டைட்டானியம் நான்கையும் ஆக்சிஜனிடம் விட்டுவிட்டு அயனிகளாக அடுக்கி நிற்கின்றன. பொதுவில் ஓட எலக்ட்ரான் மிச்சம் இல்லாத இடத்தில் உலோகம் போலத் தகடாவது கிடையாது. தட்டினால் தூள்தான்.

ஆனால் "அயனித் திடப்பொருள் மின்சாரம் கடத்தாது" என்று எழுதி வைத்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கள் ஆலையில் வந்து பார்க்கட்டும். அந்த மணலில் கலந்து கிடக்கும் கனிமங்களில் இல்மனைட்டும் ரூட்டைலும் கொஞ்சம் கடத்தும், சிர்க்கானும் மோனசைட்டும் கார்னெட்டும் கடத்தாது. அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உயர் மின்னழுத்தத்தில் மணலுக்கு மின்சுமை ஏற்றி உருளையில் விட்டால், கடத்துகிற மணி சுமையைச் சட்டென்று உருளையில் விட்டுவிட்டுத் துள்ளி விலகி விழும், கடத்தாதது உருளையில் ஒட்டிக்கொண்டே போய்ப் பின்பக்கம் துடைப்பத்தில் விழும். அப்புறம் காந்தப் பிரிப்பு. இல்மனைட் காந்தத்துக்கு வரும், ரூட்டைல் வராது. அந்தக் கருப்பு நிறமேகூட இரும்பு அயனியில் இருந்து டைட்டானியம் அயனிக்கு எலக்ட்ரான் தாவுவதால் வருவது என்று அங்கிருந்த வேதியியல்காரர்கள் சொல்வார்கள். சோடியம் குளோரைடு மாதிரி பரிசுத்த அயனிப் பிணைப்பு உலகத்தில் கம்மி, பெரும்பாலானவை நடுவில் எங்கேயோ நிற்கின்றன.

டைட்டானியத்தை உலோகமாகவே எடுக்க வேண்டும் என்றால் ஆக்சிஜனிடம் இருந்து மீட்க வேண்டும். முதலில் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆக்குவார்கள், அது உப்பு மாதிரித் திடப்பொருள் இல்லை, 136 டிகிரியில் கொதிக்கிற நீர்மம், உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற விதி அங்கே படுத்துவிடுகிறது. பிறகு மக்னீசியத்தை விட்டு எலக்ட்ரானைத் திரும்பக் கொடுக்க வைப்பார்கள். அதனால்தான் டைட்டானியம் அந்த விலை.

இரணியல்_டியூஷன்:

கடைசியாக ஒன்று. திட உப்பு கடத்தாது, உருகினாலோ கரைந்தாலோ கடத்தும் என்பதை வீட்டில் வைத்துக் காட்ட முடியுமா? அடுப்பில் உப்பை உருக்கலாமா என்று பசங்கள் கேட்கிறார்கள்.

தக்கலை_வாத்தியார்:

801 டிகிரிக்கு வீட்டு அடுப்பையும் நம்ப வேண்டாம், பசங்களையும் நம்ப வேண்டாம். கரைசலில் காட்டுங்கள். 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன எல்இடி, இரண்டு பென்சில் கரித்துண்டு. சுவரில் இருக்கிற கரண்ட் பக்கமே போகக் கூடாது. புத்தளத்து அண்ணன் சொன்ன பெரிய படிகத்தைத் துடைத்துக் காயவைத்து இரண்டு முனையையும் தொடவையுங்கள், எரியாது. அதே உப்பைக் குடிநீரில் கரைத்து முனைகளை முக்குங்கள், எரியும். வெறும் தண்ணீரில் முதலில் பார்த்துவிடுங்கள், கிணற்று நீர் என்றால் அதிலேயே மங்கலாக எரிந்து குட்டையைக் குழப்பும், காய்ச்சி வடித்த நீர் மருந்துக் கடையிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நேர்முனையில் கொஞ்சம் குளோரின் வாசம் வரும், எதிர்முனையில் வருகிற குமிழ் ஹைட்ரஜன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விட வேண்டாம்.

எல்லாம் செய்து முடித்ததும் பையனிடம் ஒன்று கேளுங்கள். செம்புக் கம்பியில் மணிக்கணக்கில் மின்சாரம் ஓடினாலும் கம்பி அப்படியே இருக்கிறது, உப்புநீரில் ஓடினால் நீரே மாறிப்போகிறது, ஏன்? அங்கே ஓடுவது எலக்ட்ரான், இங்கே ஓடுவது அயனி என்று அவனாகவே சொல்லிவிடுவான்.